நுரையில் ஏறும் சாம்பல்: நுண்கரித் தூய்மையில் நுரை மிதப்பு முறை

1. பொருளும் எல்லையும்

நிலக்கரி கழுவுநிலையத்துக்கு வந்துசேரும் கரியில், அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் விழுந்துவிடும் பகுதியை இக்கட்டுரையில் நுண்கரி என்கிறோம். இதற்கு மேற்பட்ட பருங்கரியைத் தூய்மை செய்யும் முறைகள் இங்கே நம் பொருளல்ல. ஒப்புநோக்க வேண்டிய இடத்தில் மட்டும் அவற்றைத் தொடுவோம். எடுத்துக்காட்டுக்கு ஜார்க்கண்டின் ஜரியா கரிவயலை எடுத்துக்கொள்கிறோம். இந்தியாவின் முதல்தரக் கல்கரி நிலக்கரி பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. நுண்கரித் தூய்மையின் எல்லா இடர்களையும் ஒருங்கே காண்பதற்கும் அதைவிடப் பொருத்தமான வயல் வேறில்லை.

சாம்பல் என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கரிக்குள் சாம்பல் என்று ஒரு பொருள் இல்லை; எரித்தபின் எஞ்சுவதே சாம்பல். கரிக்குள் இருப்பவை களிமண், குவார்ட்ஸ், கார்பனேட்டுகள், பைரைட்டு முதலிய கனிமங்கள். எரியும்போது களிமண் தன் கட்டமைப்பு நீரை இழக்கிறது. கார்பனேட்டு கரியமில வாயுவை இழக்கிறது. ஆகவே சாம்பலின் எடை கனிமத்தின் எடையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். தொழிலில் அளப்பது சாம்பலை. நீக்க வேண்டியது கனிமத்தை.

கல்கரி நிலக்கரியில் சாம்பல் ஏன் இத்தனை பொருட்படுத்தப்படுகிறது? கரியைக் காற்றின்றிச் சூடாக்கிக் கல்கரியாக்கும்போது ஆவியாகும் பொருள்கள் வெளியேறிவிடுகின்றன. சாம்பல் முழுவதும் தங்கிவிடுகிறது. 17 விழுக்காடு சாம்பலுள்ள கரி ஏறத்தாழ 22 விழுக்காடு சாம்பலுள்ள கல்கரியாகிறது. ஊதுலையில் அந்தச் சாம்பலைக் கசடாக்கச் சுண்ணாம்புக்கல் வேண்டும். கசடை உருக்க மேலும் கல்கரி வேண்டும். இந்தியத் தரவரிசையில் 15 விழுக்காடு வரை சாம்பலுள்ளது முதலாம் எஃகுத் தரம். 18 வரை இரண்டாம் எஃகுத் தரம். அதற்கு மேல் 35 வரையிலானவை கழுவுதரத்தின் நான்கு வகுப்புகள். ஜரியாவின் கீழ்ப்படலங்களைத் தோண்டத் தோண்ட, வரும் கரி இந்த வரிசையில் இறங்கிக்கொண்டே போகிறது.

மேற்படலங்கள் வெட்டப்பட்ட காலத்தில் நுண்கரியைக் கழுவ வேண்டிய தேவையே பெரிதாக எழவில்லை. அதன் சாம்பல் குறைவாக இருந்ததால், கழுவிய பருங்கரியோடு அப்படியே கலந்துவிட்டார்கள். கீழ்ப்படலங்களின் கரியும் இயந்திர வெட்டும் அந்த வசதியைப் பறித்தன. இயந்திரம் வெட்டும்போது தூள் மிகுகிறது. கூரைப்பாறையும் தரைப்பாறையும் சேர்ந்து வருகின்றன.

2. எடைவேறுபாடு கைவிடும் இடம்

பருங்கரியைப் பிரிப்பது அடர்த்தியை நம்பிய வேலை. தூய கரியின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.3; குவார்ட்ஸுக்கு 2.65. மேக்னடைட்டுத் தூளை நீரில் கலந்து இடைப்பட்ட அடர்த்தியுள்ள ஊடகம் செய்தால் கரி மிதக்கும், கல் அமிழும். இதே தத்துவம் நுண்கரியில் ஏன் தளர்கிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம்.

சிறு துகள் நீரில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கும், நீருக்கும் துகளுக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். இது ஸ்டோக்ஸின் விதி. 50 மைக்ரான் குவார்ட்ஸ் துகள் 20 பாகை வெப்பமுள்ள நீரில் விநாடிக்கு ஏறத்தாழ 2.2 மில்லிமீட்டர் இறங்கும். 1.35 ஒப்படர்த்தியுள்ள கரித்துகள் இதே வேகத்தில் இறங்க வேண்டுமானால் அதன் விட்டம் 108 மைக்ரான் இருந்தால் போதும். அதாவது 50 மைக்ரான் கல்லும் 108 மைக்ரான் கரியும் நீருக்கு ஒன்றுதான். கூழைச் சுழலவிடும் சுழற்கலனில் விசையைப் பன்மடங்கு பெருக்கினாலும் இந்த விகிதம் மாறாது, வேகம்தான் கூடும். அளவுவாரியாகக் குறுகிய வகுப்புகளாகச் சலித்துக்கொண்டால் பிரிக்கலாம் என்பது உண்மை. ஆனால் 100 மைக்ரானுக்குக் கீழே தொழில் அளவில் சலிப்பது பிரிப்பதைவிடக் கடினமானது. ஆகவே எடையை விட்டு வேறொரு பண்பை நாட வேண்டியிருக்கிறது.

3. மேற்பரப்பு என்னும் பண்பு

அந்தப் பண்பு, நீரோடு துகளின் மேற்பரப்புக்கு உள்ள உறவு. நீர் படர்ந்து நனைக்கும் பரப்பு நீர்விருப்புப் பரப்பு. நீர் படராமல் துளியாக ஒதுங்கும் பரப்பு நீர்வெறுப்புப் பரப்பு. நுண்கரி கலந்த நீரில், அதாவது கூழில், காற்றுக் குமிழிகளை விட்டால் நீர்வெறுப்புத் துகள் அவற்றோடு ஒட்டி மேலே நுரையில் ஏறும்; இதுவே நுரை மிதப்பு. துகளும் நீரும் காற்றும் சந்திக்கும் கோட்டில், நீரின் பக்கமாக அளக்கப்படும் கோணம் தொடுகோணம். இது சுழியமானால் குமிழி துகளோடு ஒட்டாது. கூடக்கூட ஒட்டு வலுக்கும். களிமண்ணும் குவார்ட்ஸும் நீர்விருப்பின. கரியோ இயல்பிலேயே நீர்வெறுப்புடையது.

பள்ளி வேதியியல் நூல்களில் நுரை மிதப்பு, கலீனா போன்ற சல்பைடு தாதுக்களை அடர்ப்பிக்கும் முறையாக வருகிறது. அங்கே சாந்தேட்டு போன்ற சேகரிப்பான், தாதுவின் மேற்பரப்போடு வேதிவினை புரிந்து அதற்கு இல்லாத நீர்வெறுப்பைக் கொடுக்கிறது. கரிக்கு அது வேண்டியதில்லை; இருப்பதைக் கூட்டினால் போதும். இம்முறையின் வரலாறே கரியின் உறவுப்பொருளில்தான் தொடங்குகிறது. 1877இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பெசல் சகோதரர்கள் பெற்ற காப்புரிமை கிராஃபைட்டை எண்ணெயும் கொதிநீர்க் குமிழிகளும் கொண்டு பிரிப்பதற்கானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கங்கள் துத்தநாகத் தாதுவுக்கு அதைப் பயன்படுத்திய பிறகே உலகம் அதைக் கவனித்தது.

கரிகள் எல்லாம் ஒரே அளவில் நீரை வெறுப்பதில்லை. இவ்வேறுபாட்டுக்கு மூன்று காரணங்களைக் கூறலாம்.

முதலாவது, கரியின் முதிர்ச்சி. பழுப்பு நிலக்கரியில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் என்னும் ஆக்சிஜன் தொகுதிகள் நிறைந்திருப்பதால் அது நீரை விரும்புகிறது. நெய்வேலிக் கரி இந்த வகுப்பினது. நுரை மிதப்புக்கு அது எளிதில் இசையாது. முதிர்ச்சி கூடக்கூட ஆக்சிஜன் குறைந்து நீர்வெறுப்பு வளர்கிறது. கல்கரி நிலக்கரியில் அது உச்சத்தை எட்டி, ஆந்த்ரசைட்டில் சற்றே இறங்குகிறது.

இரண்டாவது, கரியின் உட்கூறு. ஒரே படலத்துக் கரியிலும் பளபளக்கும் விட்ரினைட்டுப் பகுதி நன்றாக மிதக்கிறது. மங்கலான, மரக்கரி போன்ற ஃபியூசினைட்டுப் பகுதி தயங்குகிறது. கல்கரியாகும் தன்மை பெரும்பாலும் விட்ரினைட்டைச் சார்ந்தது என்பதால், மிதப்பில் முதலில் ஏறுவது சாம்பல் குறைந்ததாக மட்டுமின்றிக் கல்கரிக்குத் தகுந்ததாகவும் இருப்பது இம்முறையின் எதிர்பாராத நன்மை.

மூன்றாவது, காற்றுபடுதல். வெட்டிய கரி திறந்தவெளியில் கிடந்தால் மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏறுகிறது; முதிர்ந்த கரியும் புறத்தோலில் இளங்கரியாகிவிடுகிறது. ஜரியாவில் 1916 முதல் நிலத்தடித் தீ எரிந்துவருகிறது. தீ எட்டாத கரியிலும் அதன் வெப்பம் பட்ட பகுதி உண்டு. இத்தகைய கரி, சாம்பல் சோதனையில் நல்ல கரியாகவே தெரியும். மிதப்புக் கலனில் இறங்கியபின்தான் குணம் காட்டும். அடியில் போய்ச்சேரும் கழிவின் சாம்பல் காரணமின்றிக் குறைந்தால் கருவியைக் குறைகூறும் முன் கரி எவ்வளவு நாள் வெளியில் கிடந்தது என்று விசாரிப்பது நல்லது.

4. வினைப்பொருள்கள்

கரி மிதப்பில் இரண்டே வினைப்பொருள்கள் இன்றியமையாதவை. கரியின் நீர்வெறுப்பைக் கூட்டுவது சேகரிப்பான்: டீசல் அல்லது மண்ணெண்ணெய், டன் கரிக்கு ஏறத்தாழ அரைக் கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை. காற்றைச் சிறு குமிழிகளாக்கி, அவை ஒன்றோடொன்று கூடிப் பெரிதாகாமல் தடுத்து, மேலே நிலையான நுரையாக நிறுத்துவது நுரையாக்கி: பைன் எண்ணெய், மெத்தில் ஐசோபியூட்டைல் கார்பினால் போன்றவை. இதன் அளவு சேகரிப்பானைவிட மிகக் குறைவு.

டீசல் நீரில் கரையாது என்பதை மறந்தால் எல்லாம் பிழையாகும். அது கரியை அடைய வேண்டுமானால் நுண்துளிகளாகச் சிதற வேண்டும்; துளி கரியோடு மோத வேண்டும்; மோதியபின் பரப்பில் படர வேண்டும். இதற்கு ஓரிரு நிமிடம் வலுவாகக் கலக்கும் தனித் தொட்டி தேவை. இதை இணக்கத் தொட்டி எனலாம். இடத்தையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்த இதை நீக்கிவிட்டு, எண்ணெயைக் குழாயிலேயே விடும் வழக்கம் உண்டு. மிச்சப்பட்டதைவிடப் பன்மடங்கு எண்ணெயாகச் செலவாகும் என்பது நம் கருத்து.

5. துகள் நுரையை அடையும் நிலைகள்

கரித்துகள் கூழிலிருந்து நுரைக்குச் செல்வது மூன்று நிலைகளில் நிகழ்கிறது: மோதல், ஒட்டல், விலகாமல் நிலைத்தல். மொத்த வாய்ப்பு இம்மூன்றின் பெருக்கற்பலன். ஒன்று சுழியமானால் யாவும் சுழியம்.

மோதல் துகளின் அளவைப் பொறுத்தது. மிகச்சிறு துகள் நீரோட்டத்தோடு குமிழியைச் சுற்றி வழுகிச் சென்றுவிடுகிறது, மோதுவதே இல்லை. குமிழியைச் சிறிதாக்கினால் மோதல் பெருகும். ஒட்டல், துகளுக்கும் குமிழிக்கும் இடைப்பட்ட நீர்ப்படலம் உரிய நேரத்துக்குள் அறுந்துபோவதைப் பொறுத்தது. இங்கேதான் சேகரிப்பான் உதவுகிறது.

நிலைத்தலைப் பற்றிப் பரவலான தவறான எண்ணம் ஒன்று உண்டு. பருமனான துகள், அதாவது பருந்துகள், கனமாக இருப்பதால் குமிழியிலிருந்து விழுந்துவிடுகிறது என்பார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். அரை மில்லிமீட்டர் கரித்துகளின் தொடுகோணம் 60 பாகை என்று கொள்வோம். நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். இவற்றிலிருந்து பெறப்படும் பெரும ஒட்டுவிசை, அத்துகள் நீருக்குள் கொண்டுள்ள எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேல். எனவே அதை விலக்குவது எடையன்று. கலக்கியின் சுழலில் துகளுக்கு ஏற்படும் முடுக்கமே. பருந்துகள் கழிவில் இழக்கப்படும் நிலையத்தில் எண்ணெயைக் கூட்டுமுன் கலக்கியின் வேகத்தைப் பார்க்க வேண்டும் என்பது இதன் விளைவு. ஆனால் வேகத்தைக் குறைத்தால் நுண்துகளின் மோதல் குறையும். இந்த இழுபறி ஒரே கலனுக்குள் தீராது. 75 முதல் 250 மைக்ரான் வரையிலான துகள்கள் எளிதாக ஏறுவதும், இருபுறமும் உள்ளவை தடுமாறுவதும் இதனால்தான்.

6. நுரையில் ஏறும் சாம்பல் ஒன்றன்று, மூன்று

இதுவரை கரி எவ்வாறு ஏறுகிறது என்று பார்த்தோம். கழுவுநிலையத்தில் நாள்தோறும் எழும் கேள்வி வேறு: ஏறக்கூடாதது ஏன் ஏறுகிறது? நுரையின் சாம்பல் 14க்குப் பதில் 18 வந்தால், அந்த நான்கு விழுக்காட்டை ஒரே குறையாகக் கருதி எண்ணெயைக் குறைப்பதே வழக்கம். அது சில வேளை பலிக்கும், பல வேளை பலிக்காது. சாம்பலின் மூலங்கள் மூன்று; மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

அ. உள்ளுறை சாம்பல். கரித்துகளுக்குள்ளேயே, எந்த உடைப்பாலும் பிரியாத நுண்மையில் கலந்திருக்கும் கனிமத்தால் வருவது. இந்தியாவின் கோண்ட்வானாக் கரிகள், ஆற்றுநீர் அடித்துக்கொண்டுவந்து சேர்த்த தாவரப் பொருளிலிருந்து உருவானவை என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். தாவரத்தோடு வண்டலும் வந்து சேர்ந்ததால் களிமண் கரியினூடே நுணுக்கமாகப் பரவிக் கிடக்கிறது. வெளிநாட்டுக் கல்கரி நிலக்கரி பத்து விழுக்காட்டை ஒட்டிய சாம்பலோடு வரும்போது நம் கழுவிய கரி 17, 18இல் நிற்பதன் அடிப்படைக் காரணம் இது. எக்கலனும் எவ்வினைப்பொருளும் இதைக் குறைக்காது. இது எல்லை, குறையன்று.

ஆ. பிணைதுகள் சாம்பல். ஒரு பக்கம் கரியும் மறுபக்கம் கல்லுமாக ஒட்டியிருக்கும் துகளைப் பிணைதுகள் என்கிறோம். எடைவழிப் பிரிப்புக்கும் மேற்பரப்புவழிப் பிரிப்புக்கும் உள்ள ஆழமான வேறுபாடு இங்கே வெளிப்படுகிறது. அடர் ஊடகத்தில் துகளின் இடம் அதன் முழு உடலாலும் முடிவாகிறது: பாதி கல்லானால் அடர்த்தி உயர்ந்து அமிழ்ந்துவிடும். மிதப்பிலோ, குமிழி பிடித்துக்கொள்ள ஒரு கரிமுகம் கிடைத்தால் போதும். 1.8 ஒப்படர்த்தியுள்ள, ஊடகம் தயங்காமல் தள்ளிவிடும் துகளையும் நுரை வரவேற்கும். எண்ணெய் மிகுந்தால் இந்த வரவேற்பு இன்னும் தாராளமாகும்.

இவை மெதுவாக ஏறுபவை. ஆகவே வரிசையாக அமைந்த கலன்களில் முதல் கலன்களின் நுரை தூய்மையாகவும், கடைசிக் கலன்களின் நுரை சாம்பல் மிகுந்தும் இருக்கும். எண்ணெயைக் குறைப்பது, கடைசிக் கலன்களின் நுரையைத் தனியே எடுத்து மீண்டும் மிதக்கவிடுவது ஆகியவை இதற்கு உதவும். முழுத் தீர்வு அரைத்துப் பிரிப்பதுதான். ஆனால் அரைத்தால் துகள் நுணுகி, அடுத்துச் சொல்லப்போகும் மூன்றாம் இடர் பெருகும். எவ்வளவு அரைப்பது என்பது ஒவ்வொரு படலத்துக்கும் தனித்தனியே காண வேண்டியது. பொதுவிதி சொல்வோரை நாம் நம்புவதில்லை.

இ. உடன்வரவுச் சாம்பல். குமிழியோடு ஒட்டாமல், குமிழிகளுக்கு இடையே ஏறும் நீரோடு சேர்ந்து ஏறும் கனிமத்தால் வருவது. சில மைக்ரான் அளவுள்ள களிமண் நீரில் இறங்குவதே இல்லை என்று சொல்லலாம். நீர் போகுமிடமெல்லாம் அதுவும் போகிறது. எனவே கூழிலுள்ள நீரில் எத்தனை விழுக்காடு நுரையில் ஏறுகிறதோ, மிகநுண் களிமண்ணிலும் ஏறத்தாழ அத்தனை விழுக்காடு ஏறும்.

ஒரு கற்பனைக் கணக்கு இதன் பருமனைக் காட்டும். 100 டன் உலர்கரி, பத்து விழுக்காடு திண்மமுள்ள கூழாக வருகிறது. அதாவது 900 டன் நீர். கரியில் 15 டன் மிகநுண் களிமண். நுரையில் 70 டன் திண்மமும், நீரில் 15 விழுக்காடும் ஏறுவதாகக் கொண்டால், களிமண் 2.25 டன் உடன்வரும். எரியும்போது அது இழக்கும் நீரைக் கழித்தாலும் நுரைக்கரியின் சாம்பலில் ஏறத்தாழ 2.8 விழுக்காடு இதனால் மட்டுமே. இதில் எண்ணெய்க்குப் பங்கே இல்லை. எண்ணெயைக் குறைத்தால் கரி இழப்பு கூடும். களிமண் அப்படியே நிற்கும்.

இதற்கான மருந்துகள் நீரைக் குறிவைப்பவை. நுரையின் உயரத்தைக் கூட்டினால் இடைநீர் வடிய நேரம் கிடைக்கிறது. நுரையாக்கியைக் குறைத்தால் நுரை ஏந்தும் நீர் குறைகிறது. நுரையின் மேல் தூயநீரை மெல்லப் பொழிந்தால், கலங்கல் நீர் கீழே தள்ளப்பட்டு அதன் இடத்தைத் தூயநீர் பிடிக்கிறது. கரி மிதப்பில் கூழை 5 முதல் 10 விழுக்காட்டுத் திண்மத்தோடு நீர்த்ததாகவே வைத்திருப்பதற்கும் இது ஒரு காரணம். உலோகத் தாதுக் கூழ் இதைவிட மிகக் கெட்டியானது.

களிமண் நீரில் மிதந்து வருவது மட்டுமின்றி, கரித்துகளின் மேலேயே மெல்லிய பூச்சாகப் படிவதும் உண்டு. இதைத் தனி வகுப்பாக்குவோர் உளர். களிமண்ணை முன்கூட்டியே நீக்குவதும், அதைச் சிதறடிக்கச் சோடியம் சிலிக்கேட்டு சேர்ப்பதும் மருந்தாவதால், இதை மூன்றாவதன் கிளையாகவே கொள்கிறோம்.

மூன்றையும் கண்டறிவது கடினமன்று. நுரைக்கரியைச் சில அளவு வகுப்புகளாக ஈரச்சலிப்புச் செய்து ஒவ்வொன்றின் சாம்பலையும் அளந்தால் போதும். மிகநுண் வகுப்பில் மட்டும் சாம்பல் குவிந்திருந்தால் உடன்வரவு; பருவகுப்பில் ஏறியிருந்தால் பிணைதுகள்; எல்லா வகுப்பிலும் ஒரே மட்டத்தில் இருந்தால் உள்ளுறை. ஒரு சல்லடை அடுக்கும் ஓர் உலையும் உள்ள ஆய்வறையே இதற்குப் போதுமானது.

7. அளவைகள்

ஒரு கரி மிதப்பினால் எந்த அளவுக்குத் தூய்மையாகும் என்பதைக் காட்டும் சோதனை விடுவிப்புப் பகுப்பாய்வு. 1953இல் டெல் என்பவர் முன்வைத்தது. நுரையைத் திரும்பத்திரும்ப மிதக்கவிட்டு உடன்வந்த களிமண்ணை முதலில் நீக்குகிறோம். பிறகு காற்றையும் கலக்கலையும் சிறிது சிறிதாகக் கூட்டி, எளிதில் மிதப்பது முதல் அரிதில் மிதப்பது வரை பிரித்தெடுக்கிறோம். கிடைக்கும் விளைச்சல்–சாம்பல் வளைகோடு, உடன்வரவே இல்லாத நிலையில் அடையக்கூடிய எல்லையைக் காட்டும். ஆலையின் புள்ளி அக்கோட்டிலிருந்து விலகி நிற்கும் தொலைவே ஆலையின் குறை. கோடே உயரத்தில் இருந்தால் அது கரியின் குறை.

விளைச்சலைக் காண எடைபார்க்கத் தேவையில்லை. மூன்று சாம்பல்கள் போதும். வரும் கரி 24, நுரை 14, கழிவு 49 என்றால், விளைச்சல் (49 − 24) ÷ (49 − 14), அதாவது 71.4 விழுக்காடு. எரிபொருள் மீட்சி, அதாவது வந்த எரியும் பொருளில் நுரைக்கு வந்த பங்கு, 80.8 விழுக்காடு. முதல் எண்ணை மட்டும் சொல்லி இரண்டாவதை விடும் அறிக்கைகள் பயனற்றவை. கல்லை நிறைய ஏற்றியும் விளைச்சலை உயர்த்தலாம்.

8. கலன்கள்

கலன் வகைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். மேற்கூறிய காரணங்களை அறிந்தவர்க்கு அவை தாமே விளங்கும். கலக்கியுள்ள கலன் பழையது. பருந்துகளுக்கும் நுண்துகளுக்கும் நடுவே சமரசம் செய்வது. நெடுங்கலனில் கலக்கி இல்லை, உயரமான உருளையில் கூழ் மேலிருந்து இறங்க, குமிழி கீழிருந்து ஏறுகிறது, மேலே பொழிநீர். உடன்வரவுச் சாம்பலுக்கு இதுவே நேரான விடை. ஆஸ்திரேலியாவின் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் கிரேம் ஜேம்சன் 1980-களில் வடிவமைத்த கலனில், கூழ் ஒரு தாரையாகச் செங்குத்துக் குழாயில் பாய்ந்து காற்றைத் தானே உள்ளிழுத்துச் சிறு குமிழிகளாக்குகிறது. மோதலும் ஒட்டலும் அந்தக் குழாயிலேயே சில விநாடிகளில் முடிந்துவிடுகின்றன. கீழுள்ள தொட்டி நுரை பிரிவதற்கு மட்டும். பொழிநீர் இதற்கும் உண்டு.

உள்ளுறை சாம்பல் 16 உள்ள கரிக்கு, இவற்றில் எதை வாங்கினாலும் 14 வராது.

9. நீர்நீக்கமும் கழிவும்

நுரை தூய்மையானதும் வேலை முடிவதில்லை. நுண்துகளின் மொத்தப் பரப்பு மிகுதி. அது பிடித்துவைத்திருக்கும் நீரும் மிகுதி. வெற்றிட வடிப்பானில் வடித்த பின்னும் நுரைக்கரியில் 20 முதல் 25 விழுக்காடு ஈரம் நிற்கும். கழுவிய கரியில் நுரைக்கரியின் பங்கு 15 விழுக்காடே என்றாலும், 7 விழுக்காடு ஈரமுள்ள பருங்கரியோடு 24 விழுக்காடு ஈரமுள்ள நுரைக்கரியைக் கலந்தால் மொத்த ஈரம் 9.5ஐத் தாண்டும். கல்கரி அடுப்பு அந்த நீரை முதலில் கொதிக்கவைத்தாக வேண்டும். சாம்பலில் ஒரு விழுக்காடு குறைக்க மேலும் நுணுக்கி அரைக்கும் முன், ஈரத்தில் எவ்வளவு கூடும் என்பதையும் அதே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

கழிவுக்கூழ் கெட்டிப்படுத்தும் தொட்டிக்குப் போய், அங்கிருந்து குளங்களுக்குச் செல்கிறது. நுரை மிதப்பு இல்லாத, அல்லது இருந்தும் ஓடாத நிலையங்களின் நுண்கரி முழுவதும் இக்குளங்களில்தான் சேர்ந்தது. ஜரியாவை அடுத்து ஓடும் தாமோதர் ஆற்றுக்கும் அதில் ஒரு பங்கு சென்றது. இக்குளங்களில் இருக்கும் நல்ல கரியை மீண்டும் எடுத்து மிதக்கவிடலாம் என்ற யோசனை அவ்வப்போது எழுகிறது. எடுக்கலாம், ஆனால் அது நெடுநாள் காற்றும் வெயிலும் பட்ட கரி, மேலே களிமண் பூச்சும் படிந்தது. வழக்கமான அளவு டீசலுக்கு அது இசையாது. முதலில் கெட்டிக் கூழாகக் கலக்கி, துகளோடு துகள் உராயவைத்து அந்தத் தோலை உரிக்க வேண்டும். பிரிந்த களிமண் கலங்கலை வடித்துவிட்டு, அதன்பிறகே எண்ணெய் விட வேண்டும்.